குடிநீரும் கொம்பனிகளும்: இலண்டன் நீர்வழங்கற் சட்டங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

1866ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், கிழக்கு இலண்டன் நீர்வழங்கற் கொம்பனியின் பொறியியலாளர் சார்ள்ஸ் கிறீவ்ஸ் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதமொன்று எழுதினார். தமது கொம்பனி பல ஆண்டுகளாக வடிகட்டப்படாத நீரில் ஒரு துளியையேனும் எவருக்கும் வழங்கியதில்லை என்பதே அக்கடிதத்தின் சாரம். அது அச்சேறிய நாள்களில், அக்கொம்பனியின் குழாய்நீரைப் பருகிய பெத்னல் கிறீன், வைற்சப்பல், ஸ்ரெப்னி, போப்லார் முதலிய தொழிலாளர் குடியிருப்புகளில் வாந்திபேதியால் மக்கள் நூற்றுக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தனர். சில வீடுகளின் தண்ணீர்க் குழாய்களுள் விலாங்கு மீன்கள் அகப்பட்டமை பின்னர் நடைபெற்ற விசாரணையின்போது வெளிவந்தது. மணற்படுகையூடாக நீர் கசிந்து வரலாம். விலாங்கு கசிந்து வரமாட்டாது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது கொம்பனியின் பொய்யுரையை அன்று. முதலாளிகள் தம் பண்டத்தின் குறையை மறைப்பது வியப்புக்குரிய செய்தியன்று. ஊன்றி நோக்கவேண்டியது வேறொன்று. வீட்டுத் தேவைக்கு வழங்கப்படும் நீர் வடிகட்டப்பட வேண்டும் என்றும், வடிகட்டிய நீரைத் தேக்கிவைக்கும் நீர்த்தேக்கங்கள் சென் போல் தேவாலயத்திலிருந்து ஐந்து மைல் எல்லைக்குள் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும் பிரித்தானியப் பாராளுமன்றம் 1852ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. அதாவது, 1866இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட செயல், பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே தடைசெய்யப்பட்டிருந்த செயலாகும்.

பொதுச் சுகாதாரத்தின் வரலாற்றை எழுதுவோர் வழமையாகப் பின்பற்றும் ஒரு கதைப்போக்கு உண்டு. முதலில் அறியாமை, பின்னர் மேதையொருவரின் கண்டுபிடிப்பு, அதன் பயனாக அறிவொளி பெற்ற அரசின் சட்டம், ஈற்றில் தூய நீர். நமது பாடநூல்களும் இக்கதையையே கூறிவந்துள்ளன. இலண்டனின் நீர்வழங்கல் வரலாற்றைச் சற்று நுணுகி நோக்குமிடத்து இவ்வரிசை எவ்விடத்தும் பொருந்தவில்லை என்பது புலனாகும். தொழில்நுட்பம் சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தியது. சட்டம் விஞ்ஞான நிரூபணத்துக்கு முந்தியது. சட்டமும் நிரூபணமும் இருந்த பின்னரும் மக்கள் மாண்டனர். எனவே எது அறியப்பட்டிருந்தது என்பதோ, எது எழுதப்பட்டிருந்தது என்பதோ மட்டும் போதிய விளக்கமாகாது. எழுதப்பட்டதை நிறைவேற்றும் வலு எவர் கையில் இருந்தது என்பதே வினா.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகருக்கு நீர் வழங்கியவை தனியார் கொம்பனிகளாகும். ஒவ்வொன்றும் தனித்தனியே பாராளுமன்றச் சட்டத்தின்மூலம் உரிமை பெற்றிருந்தது. நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்தில் ஒரே வீதியில் பல கொம்பனிகளின் குழாய்கள் ஓடுமளவுக்குக் கடும் போட்டி நிலவியது. சுதந்திரப் போட்டியின் பேறுகளை விதந்துரைத்த அறிஞர்கள் அதன் முடிவைக் கூர்ந்து கவனித்ததாகத் தெரியவில்லை. 1817ஆம் ஆண்டளவில் தேம்ஸ் நதிக்கு வடக்கேயிருந்த கொம்பனிகள் தமக்குள் உடன்பாடு செய்து, நகரைக் கூறுபோட்டுப் பங்கிட்டுக்கொண்டன. போட்டி ஏகபோகமாக மாறியது, கட்டணங்கள் உயர்ந்தன. ஒரு வீதியில் வாழ்பவனுக்கு அவ்வீதிக்குரிய கொம்பனியைத் தவிர வேறு வழியில்லாது போயிற்று. யோன் ஸ்ருவாட் மில் போன்ற தாராண்மைவாதப் பொருளியலாளரே 1851இல் இதனை ஒப்புக்கொண்டு, இயல்பிலேயே ஏகபோகமாக அமையும் இத்தகைய சேவையைத் தனியாரின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது என வாதிட்டார்.

வழங்கப்பட்ட நீர் எத்தகையது? 1827இல் யோன் றைற் என்னும் பத்திரிகையாளர் வெளியிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று, கிறான்ட் யங்சன் கொம்பனி தனது நீரை உறிஞ்சும் வாய் றனெலா கழிவுக்கால்வாய் தேம்ஸ் நதியிற் கலக்கும் இடத்துக்கு அண்மையில் இருப்பதை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டில் வில்லியம் ஹீத் என்னும் ஓவியர், தேம்ஸ் நீரின் ஒரு துளியை நுணுக்குக்காட்டியூடாகப் பார்த்துத் தேநீர்க் கோப்பையைக் கைநழுவவிடும் சீமாட்டியொருத்தியைக் கேலிச்சித்திரமாகத் தீட்டினார். அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. 1828இல் அறிக்கை வந்தது. வேறு மூலத்திலிருந்து நீர் பெறப்படல் வேண்டும் என்பதை அவ்வறிக்கை ஏற்றுக்கொண்டது. அவ்வளவில் விடயம் முடிந்தது.

1829ஆம் ஆண்டில் செல்சி கொம்பனியின் பொறியியலாளரான யேம்ஸ் சிம்சன், மணலும் பரலும் கொண்ட வடிகட்டற் படுகையொன்றை அமைத்து இயக்கிக் காட்டினார். நதிநீரைப் பெருமளவில் வடிகட்டுதல் இயலும் என்பது அன்றே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. ஆயினும் பிற கொம்பனிகள் பலவும் அதனைப் பின்பற்றவில்லை. படுகை அமைக்க நிலம் வேண்டும், மணலைக் காலந்தோறும் சுரண்டி மாற்றக் கூலியாள்கள் வேண்டும். இவ்விரண்டும் இலாபப் பங்கைக் குறைப்பவை. அதனைக் கட்டாயமாக்கிய சட்டம் வருவதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

வறியோர் நீர் பெற்ற முறையையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். செல்வர் வீடுகளில் நீர்த்தொட்டிகள் இருந்தன. தொழிலாளர் வாழ்ந்த முடுக்குகளிலோ பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் குழாயே இருந்தது. அதுவும் நாளொன்றுக்குச் சிறிது நேரமே திறக்கப்பட்டது, சில இடங்களில் வாரத்திற் சில நாள்களே திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் இல்லை. வேலைக்குச் சென்ற பெண் திரும்பிவரும் வேளையில் குழாய் வறண்டிருக்கும். பீப்பாக்களிலும் வாளிகளிலும் பிடித்துவைத்த நீரே குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் பயன்பட்டது. கட்டணத்தை வீட்டுச் சொந்தக்காரர் செலுத்தினார். வாடகையோடு சேர்த்து அறவிட்டுக்கொண்டார். அவர் செலுத்தத் தவறினால் குழாய் துண்டிக்கப்பட்டது, வாடகை குறைக்கப்படவில்லை.

3

எட்வின் சட்விக்கின் பெயர் இங்கு வருகிறது. 1834ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டத்தைச் சிற்பித்தவர்களுள் ஒருவரான அவரே, 1842இல் உழைக்கும் மக்களின் சுகாதார நிலைபற்றிய பேரறிக்கையையும் எழுதினார் என்பது தற்செயலன்று. வறியோரைப் பணியகங்களுள் அடைத்து நிவாரணச் செலவைக் குறைக்க முற்பட்ட அதே மனம், நோயினால் குடும்பத் தலைவர்கள் இறப்பதனால் விதவைகளும் அநாதைகளும் வரியிறுப்பாளருக்குச் சுமையாவதைக் கணக்கிட்டது. வடிகாலுக்குச் செலவிடுவது நிவாரணத்துக்குச் செலவிடுவதிலும் மலிவானது என்பது அவரது முடிவு. உழைப்புச் சக்தியின் மறுவுற்பத்திக்கு ஆகும் செலவை அரசு கணக்குப் பார்க்கத் தொடங்கியதன் முதல் பெரும் ஆவணம் அது எனலாம்.

அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1845இல், இருபத்துநான்கு வயதினரான பிரெடெரிக் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைபற்றிய தமது நூலை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். மன்செஸ்ரரின் ஏர்க் நதியை அவர் விவரிக்கும் பகுதி பலரும் அறிந்தது. தோற் பதனிடும் சாலைகளும், எலும்பு அரைக்கும் ஆலைகளும், மலசலகூடங்களும் அந்நதியிற் கலப்பதை அவர் வரிசையாகக் காட்டுகிறார். சட்விக்கும் இத்தகைய அழுக்கையே கண்டவர். ஆனால் சட்விக்குக்கு அது வடிகாலின் குறைபாடு. ஏங்கெல்சுக்கோ அது உற்பத்தி உறவுகளின் வெளிப்பாடு. ஒருவர் கேட்ட வினா, நீர் ஏன் அழுக்காயிற்று என்பது; மற்றவர் கேட்ட வினா, அந்நீரின் கரையில் வாழ நேர்ந்தவர் யாவர் என்பது.

1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. வாந்திபேதி ஐரோப்பாவினூடாக மீண்டும் நெருங்கிவந்த ஆண்டு அது. சாசன இயக்கம் கெனிங்ரன் திடலில் திரண்ட ஆண்டும் அதுவே. ஆளும் வர்க்கம் இரு அச்சங்களையும் ஒருங்கே சுமந்திருந்தது. எனினும் சட்டத்தின் எல்லைகள் கவனத்துக்குரியவை. இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 23ஐ விஞ்சிய இடங்களிலேயே உள்ளூர்ச் சுகாதாரச் சபையைக் கட்டாயமாக நிறுவலாம். ஏனைய இடங்களில் வரியிறுப்பாளருள் பத்தில் ஒரு பங்கினர் மனுச் செய்தல் வேண்டும். இலண்டன் மாநகருக்கோ இச்சட்டம் பொருந்தாது என விலக்களிக்கப்பட்டிருந்தது. பாராளுமன்றம் அமர்ந்திருந்த நகரமே அது.

சீர்திருத்தத்தின் முரண்பாட்டை இதனினும் கொடிய முறையில் காட்டுவது சட்விக்கின் அடுத்த செயலாகும். நோய் துர்நாற்றத்தால் பரவுகிறது என்பது அக்கால ஆட்சியாளரின் கோட்பாடு. ஆகவே வீடுகளின் கீழிருந்த மலக்குழிகள் மூடப்பட்டு, கழிவு யாவும் சாக்கடைகளினூடே தேம்ஸ் நதிக்குள் அடித்துவிடப்பட்டது. நாற்றம் வீட்டைவிட்டு அகன்றது. கொம்பனிகளோ அதே நதியிலிருந்து நீரை உறிஞ்சி அதே வீடுகளுக்கு விற்றன. 1848-49 கொள்ளைநோயில் இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தனர். கழிவகற்றலுக்கு அதிகாரிகள் இருந்தனர், நீருக்குக் கொம்பனிகள் இருந்தன. இரண்டையும் ஒன்றாக நோக்கும் பொது அதிகாரம் ஏதும் இருக்கவில்லை. 1850இல் சட்விக்கின் மத்திய சுகாதாரச் சபை, கொம்பனிகளின் இடத்தில் ஒரே பொது நிறுவனத்தை நிறுவி, சரே மாவட்டத்து மணற்பாங்கான நிலங்களிலிருந்து நீர் கொண்டுவர வேண்டுமென்று பரிந்துரைத்தது. கொம்பனிகளின் நலன் பாராளுமன்றத்துக்குள்ளேயே வேரூன்றியிருந்தது, பரிந்துரை கைவிடப்பட்டது. 1854இல் சட்விக் பதவியிழந்தபோது, சுகாதாரத்தின் பெயரால் அதட்டப்படுவதினும் வாந்திபேதியின் கையில் அகப்படும் அபாயமே மேல் என்ற தொனியில் ‘ரைம்ஸ்’ எழுதிற்று. ஒழுங்குவிதியைத் தனிமனித சுதந்திரத்தின் எதிரியாகக் காட்டும் பிரசாரம் நம் காலத்துப் புதுமையன்று.

இலக்கியத்துறையினரான நாம் இவ்விடத்தில் ஒரு சாட்சியத்தைப் புறக்கணித்துச் செல்ல முடியாது. தேம்ஸ் நதியின் தென்கரையில், பேர்மன்சியில், ‘யேக்கப்பின் தீவு’ என்றொரு சேரி இருந்தது. டிக்கன்ஸ் தமது ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலின் உச்சக்கட்டத்தை அங்கே நிகழ்த்தினார். 1850ஆம் ஆண்டில் நகர முதல்வராக முன்பிருந்த சேர் பீற்றர் லோறி என்பவர், அப்படியோர் இடமே இல்லை, அது நாவலாசிரியரின் கற்பனையில் மட்டும் உண்டு என்று பொதுக்கூட்டத்தில் எள்ளினார். டிக்கன்ஸ் அதே ஆண்டில் வெளிவந்த பதிப்பின் முன்னுரையில் அவருக்கு மறுமொழி கூறினார். ஆனால் அதற்கு முன்னரே, 1849 செப்ரெம்பரில், ஹென்றி மேஹியூ அங்கு நேரிற் சென்று ‘மோர்னிங் குரோனிக்கிள்’ பத்திரிகைக்கு எழுதியிருந்தார். மலசலகூடங்கள் மேலே தொங்க, அவற்றின் கீழோடும் பள்ளத்திலிருந்து மக்கள் வாளியால் நீர் மொண்டு, அழுக்குப் படியும்வரை வைத்திருந்து குடிப்பதை அவர் பதிவுசெய்தார். சார்ள்ஸ் கிங்ஸ்லி அதே இடத்தைத் தமது ‘அல்ரன் லொக்’ நாவலுள் கொணர்ந்தார்; வேலையற்று வீழ்ந்த தையற்றொழிலாளி ஒருவன் மனைவி மக்களைப் பறிகொடுத்து அப்பள்ளத்திலேயே மாள்கிறான். கிங்ஸ்லியின் கிறித்தவ சோசலிசம் வர்க்க சமரசத்தில் முடிவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் ஆட்சியாளன் ‘இல்லை’ என்று கூறிய இடத்தை ‘உண்டு’ என நிறுவியதில் நாவலும் பத்திரிகைக் கட்டுரையும் ஆற்றிய பணி, அரசாங்க அறிக்கை எதனினும் குறைந்ததன்று. யதார்த்தவாதம் என்பது இங்கு வெறும் இலக்கிய உத்தியன்று, வழக்கொன்றின் சான்று.

4

1852ஆம் ஆண்டின் மாநகர நீர்ச் சட்டத்துக்கு வருவோம். மேலே குறிப்பிட்ட வடிகட்டல், மூடுதல் ஆகிய விதிகளோடு, தேம்ஸ் நதியிலிருந்து நீர் பெறும் கொம்பனிகள் கடல் ஏற்றவற்றம் எட்டும் எல்லைக்கு அப்பால், ரெடிங்ரன் மதகுக்கு மேற்புறத்திலிருந்தே நீரெடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நல்ல சட்டமே. ஆனால் அது உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை. நீரெடுக்கும் இடத்தை மாற்றுவதற்கு 1855 ஆகஸ்ட் இறுதிவரை தவணை வழங்கப்பட்டது. செல்சி கொம்பனிக்கு அதனினும் ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. கொம்பனிகள் மூலதனம் திரட்டவும் குழாய் பதிக்கவும் காலம் வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணமாகவே தோன்றும்.

இத்தவணைக் காலத்தினுள்தான், 1853-54இல், வாந்திபேதி மீண்டும் வந்தது.

தென் இலண்டனில் இரு கொம்பனிகள் பல வீதிகளில் அக்கம்பக்கமாக நீர் வழங்கின. லம்பெத் கொம்பனி தனது வர்த்தகத் திட்டத்தின்படி 1852இலேயே நீரெடுக்கும் வாயைத் தேம்ஸ் டிற்றனுக்கு மாற்றிவிட்டது. சவுத்வாக்-வொக்ஸ்ஹோல் கொம்பனி சட்டம் தந்த தவணையின் இறுதிவரை காத்திருந்தது. நகரின் கழிவு கலக்கும் பற்றர்சீயிலிருந்தே நீரெடுத்தது. இரண்டின் குழாய்களும் ஒரே வீதியில், சில இடங்களில் அடுத்தடுத்த வீடுகளுக்குச் சென்றன. அவ்வீடுகளில் வாழ்ந்தோரின் தொழிலிலோ, வருவாயிலோ, சுவாசித்த காற்றிலோ வேறுபாடு இல்லை. யோன் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் எக்கொம்பனி நீர் வழங்கியது என்பதைக் கேட்டறிந்து கணக்கிட்டார். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், சவுத்வாக்-வொக்ஸ்ஹோல் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 இறப்புகள். பத்தாயிரம் வீடுகளுக்கு முறையே 315, 37.

விஞ்ஞான வரலாற்றாசிரியர் இவ்வெண்களைத் தொற்றுநோயியலின் பிறப்புச் சான்றிதழாகப் போற்றுவர். அது சரியே. ஆனால் அதே எண்களை நாம் இன்னொரு வகையிலும் வாசிக்கலாம். முன்னதாகவே இடம் மாறிய கொம்பனிக்கும் தவணையை முற்றாக அனுபவித்த கொம்பனிக்கும் இடையிலான வேறுபாடே 315க்கும் 37க்கும் இடையிலான வேறுபாடு. சட்டம் கொம்பனிக்குக் கொடுத்த மூன்று ஆண்டுகளின் விலை அது. அவ்விலையைச் செலுத்தியோர் தவணை கோரியோர் அல்லர். சட்டத்தை மீறியதாக அக்கொம்பனிமீது எவரும் குற்றஞ் சாட்டவும் இயலாது. அது சட்டத்துக்கு அமையவே நடந்தது. ஒழுங்குவிதியின் வர்க்கத் தன்மையை அதன் வாசகத்தில் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். அதன் காலவரையறையில், விதிவிலக்கில், பரிசோதகரின் எண்ணிக்கையில் அது பதுங்கியிருக்கும்.

ஸ்னோவின் பெயரோடு இணைந்து புகழ்பெற்றது, 1854 செப்ரெம்பர் 8ஆந் திகதி சோஹோ பகுதியின் புறோட் வீதியில் இருந்த கைப்பம்பியின் பிடி கழற்றப்பட்ட நிகழ்ச்சியாகும். அப்பகுதியில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வேளை அங்கிருந்து சிறிது தூரத்தில், டீன் வீதியின் 28ஆம் இலக்க வீட்டில், குடும்பத்தோடும் கடனோடும் வாழ்ந்தவர் கார்ல் மார்க்ஸ். ஏங்கெல்சுக்கு அம்மாதம் எழுதிய கடிதமொன்றில் சோஹோவின் கொள்ளைநோயையும் புறோட் வீதியின் இறப்புகளையும் அவர் குறிப்பிடுகிறார். பம்பிப் பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்கவில்லை. சுகாதாரச் சபை அமைத்த விசாரணைக்குழு அவரது முடிவை நிராகரித்தது. எனினும் மேதையொருவர் பிடியைக் கழற்றினார், நோய் நின்றது என்ற கதையே நிலைத்தது. பிடியைக் கழற்ற ஒரு மனிதர் போதும். கொம்பனியின் வாயை ஆற்றின் மேற்புறம் நகர்த்த ஒரு மனிதர் போதாது.

ஸ்னோவைப்பற்றி அவரது புகழ்பாடிகள் அதிகம் பேசாத செய்தியொன்றும் உண்டு. 1855 மார்ச்சில், எலும்பு வேகவைப்போர், சவர்க்காரம் செய்வோர் முதலியோரின் துர்நாற்றத் தொழில்களைக் கட்டுப்படுத்த முற்பட்ட மசோதாவொன்று பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் வந்தபோது, அத்தொழிலதிபர்களின் சார்பில் சாட்சியமளித்தவர் ஸ்னோவே. கொள்ளைநோய் நீரால் பரவுகிறது, துர்நாற்றத்தால் அன்று. ஆகவே இத்தொழில்கள் பொதுமக்களுக்குக் கொள்ளைநோயை விளைவிப்பதில்லை என்றார். ‘லான்செற்’ சஞ்சிகை அவரைக் கடுமையாகச் சாடியது. இன்று திரும்பிப் பார்க்கையில், வாந்திபேதிக்குரிய காரணத்தில் ஸ்னோ சரியானவர், சஞ்சிகை தவறானது. ஆனால் தொழிற்சாலைப் புகையையும் அழுகலையும் சுவாசித்தவர்களின் பக்கத்தில் நின்றது, தவறான கோட்பாட்டையுடைய தரப்பேயாகும். சரியான விஞ்ஞானம் தன்னளவில் மக்கள் சார்பானதாக அமைந்துவிடுவதில்லை. அதனை எவர் எந்த அவையில் எதற்காக அழைக்கிறார் என்பதைப் பொறுத்து அதன் சமூகப் பணி அமைகிறது. இப்சனின் ‘மக்கட் பகைவன்’ நாடகத்து மருத்துவரைத் தனித்து நின்ற உண்மையின் வடிவமாகக் கொண்டாடும் நம் விமர்சகர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நின்றால் நன்று.

5

1858ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் நதி தாங்கொணா நாற்றமெடுத்தது. நதிக்கரையில் புதிதாக எழுந்திருந்த பாராளுமன்றக் கட்டடத்தின் யன்னற் சீலைகள் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிடப்பட்டன. முப்பது ஆண்டுகளாக அறிக்கைகளால் அசையாத அவை சில வாரங்களில் அசைந்தது. டிஸ்ரேலி கொணர்ந்த மசோதா ஆகஸ்ட் 2ஆந் திகதி சட்டமாகி, மாநகரப் பணிகள் சபைக்கு முப்பது இலட்சம் பவுண் கடன்பெறும் அதிகாரத்தையும் செயற்சுதந்திரத்தையும் தந்தது. யோசெப் பசல்கெற் அமைத்த, எண்பது மைலுக்கு மேற்பட்ட நீளமுடைய பெருஞ் சாக்கடைகள் பொறியியலின் அருஞ் சாதனையே. ஆயினும் அவை கழிவைச் சுத்திகரிக்கவில்லை; கிழக்கே பெக்ரன், குரொஸ்னெஸ் ஆகிய இடங்களுக்குக் கொண்டுசென்று வற்றுப்பெருக்கில் ஆற்றிலேயே கொட்டின. வெஸ்ற்மின்ஸ்ரரில் நாற்றம் அற்றது. 1878 செப்ரெம்பர் 3ஆந் திகதி ‘பிரின்செஸ் அலிஸ்’ என்னும் உல்லாசப் படகு மூழ்கி அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தது அக்கழிவு கொட்டப்பட்ட பகுதிக்கு அண்மையிலாகும்.

கிழக்கு இலண்டனின் சாக்கடை இணைப்பு தாமதமாகவே நிறைவேறியது. அதற்குரிய அபே மில்ஸ் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது 1868இல். இடைப்பட்ட 1866இல்தான், கழிவு கலந்த லீ நதியின் ஓரத்தில், ஓல்ட் போர்ட் என்னுமிடத்தில், கிழக்கு இலண்டன் கொம்பனி தனது மூடப்படாத பழைய தேக்கத்தின் நீரை மூடிய தேக்கத்துக்குள் விட்டது. அரசு நியமித்த விசாரணையாளர் கப்டன் ரைலரின் முன், கொம்பனியின் தச்சுத்தொழிலாளி ஒருவர் மதகைத் திறந்ததாக ஒப்புக்கொண்டார். விசாரணைகளில் உண்மை உரைப்போர் பெரும்பாலும் இத்தகைய கீழ்நிலை ஊழியரே என்பதைப் பிற்காலத்து அறிக்கைகளை வாசிப்போரும் அறிவர். இறப்புப் பதிவகத்தின் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார், துர்நாற்றக் கோட்பாட்டை நெடுங்காலம் ஆதரித்தவர். இறப்புகளின் எல்லை கொம்பனியின் குழாயெல்லையோடு பொருந்துவதைக் கண்டு தமது கருத்தை மாற்றிக்கொண்டார். அந்நேர்மை போற்றத்தக்கது. மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற்றொகுதியின் முன்னுரையில் இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பரிசோதகர்களையும் பொதுச் சுகாதார அறிக்கையாளரையும் அவர்களின் பாரபட்சமின்மைக்காகப் பாராட்டியதை, அரசாங்க ஊழியர் யாவரையும் ஒரே தட்டில் நிறுத்த விரும்பும் நம் தோழர்கள் சிலர் மறந்துவிடுகின்றனர். ஒழுங்குவிதி முதலாளித்துவ அரசின் கருவி மட்டுமன்று; அவ்வரசினுள் நடக்கும் போராட்டத்தின் களமுமாகும்.

அக்களத்தில் இரசாயனவியலும் இறங்கிற்று. எட்வேட் பிராங்லன்ட் நீரில் முன்னர் கலந்த கழிவின் தடயத்தை அளக்க முற்பட்டார். அதே நதியின் நீர் தூயது எனக் கொம்பனிகளால் அமர்த்தப்பட்ட இரசாயனவியலாளர் சான்றளித்தனர். 1876இல் வந்த நதி மாசடைதல் தடைச் சட்டம் இச்சமநிலையின் குழந்தை. நதியைக் கெடுத்தல் குற்றம் என்று அது கூறியது. ஆனால் நடைமுறைக்கு இசைந்த, நியாயமாகக் கிடைக்கக்கூடிய வழிகளைக் கைக்கொண்டதாக உற்பத்தியாளர் காட்டினால் தப்பலாம். கைத்தொழில்மீது வழக்குத் தொடர உள்ளூராட்சிச் சபையின் இசைவு வேண்டும். அச்சபையோ அவ்விடத்துக் கைத்தொழிலின் நலனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். எழுபத்தைந்து ஆண்டுகள், 1951வரை, இச்சட்டமே இங்கிலாந்து நதிகளைக் ‘காத்து’ நின்றது.

நமது பிராந்தியத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் நேரடித் தொடர்புண்டு. நீரால் நோய் பரவுகிறது என இலண்டனில் ஏற்றுக்கொண்ட ஏகாதிபத்தியம் இந்தியாவில் அதனை மறுத்தது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தபின் தொற்றுக் கோட்பாட்டை ஏற்பது, பிரித்தானியக் கப்பல்கள்மீது பிற நாடுகள் விதிக்கும் தடுப்புக்காவலை ஏற்பதாகும். இந்திய அரசின் சுகாதார ஆணையாளர் கனிங்ஹாம் அதனை எதிர்த்து நின்றார். 1884இல் றொபேட் கொக் கல்கத்தாக் குளமொன்றின் நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டபோது, அதனை மறுக்கவென்றே பிரித்தானியா இருவர் கொண்ட குழுவை அனுப்பியது. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வடபாதையில் நடந்த தோட்டத் தொழிலாளர் வழியிலேயே மாண்டபோது, வாந்திபேதி ‘கூலிகள்’ கொண்டுவரும் நோயாகவே பேசப்பட்டது. கப்பலைத் தடுத்துவைக்க ஒவ்வாத தத்துவம், பின்னர் மண்டபம் முகாமில் மனிதரைத் தடுத்துவைக்க ஒத்துவந்தது.

6

இலண்டனில் மாற்றம் வந்தது கண்டுபிடிப்பினால் அன்று, வாக்குரிமை விரிவினால். 1867இன் சீர்திருத்தம் நகரத் தொழிலாளருள் ஒரு பகுதியினருக்கு வாக்களித்தது. 1889இல் இலண்டன் மாவட்டச் சபை தோன்றியதும் நீரைப் பொதுவுடைமையாக்கும் கோரிக்கை தேர்தற் கோரிக்கையாயிற்று. பேர்மிங்ஹாம் 1870களின் நடுவிலேயே தன் நீர்வழங்கலைக் கொம்பனியிடமிருந்து வாங்கிவிட்டிருந்தது. 1898இன் கோடையில் கிழக்கு இலண்டன் கொம்பனி, அதே பழைய கொம்பனி, நாளொன்றுக்குச் சில மணித்தியாலமே நீர் வழங்கியது, கட்டணத்தைக் குறைக்கவில்லை. கிழக்கு இலண்டன் மக்கள் கூட்டங்கூடிக் கிளர்ந்தனர். 1902இல் நிறைவேறிய சட்டம் எட்டுக் கொம்பனிகளையும் பொதுச் சபையொன்றின் கீழ்க் கொணர்ந்தது. வெற்றிதான். ஆனால் முற்போக்காளர் பெரும்பான்மையாயிருந்த மாவட்டச் சபையிடம் நீர் ஒப்படைக்கப்படவில்லை. நேரடித் தேர்தலற்ற சபையே அமைக்கப்பட்டது. பங்குதாரருக்கு ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் பவுண் நட்டஈடாகக் கிடைத்தது. அதன் வட்டியை நீர்க்கட்டணமாகச் செலுத்தியோருள் 1866இல் பெற்றோரை இழந்த குழந்தைகளும் இருந்திருப்பர்.

பொதுவுடைமை எண்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. 1989இல் தட்சர் அரசு இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பத்து நீர் அதிகாரசபைகளையும் பங்குச்சந்தையில் விற்றது. ஏறத்தாழ 500 கோடி பவுண் கடனை அரசு தன்மேல் ஏற்றுக்கொண்டு, கடனற்ற சொத்தாகவே அவற்றைக் கையளித்தது. கண்காணிப்புக்குத் தனி நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புயல்நீர் வழிவுகள் 36 இலட்சம் மணித்தியாலம் நதிகளிலும் கடலிலும் கழிவைக் கலந்தன. இலண்டனுக்கு நீர் வழங்கும் தேம்ஸ் வோட்டர் 1,500 கோடி பவுணுக்கு மேற்பட்ட கடனில் மூழ்கியிருந்த நிலையில், 2025 மே மாதம் கழிவுநீர் நிர்வாகக் குறைபாடுகளுக்காகவும் முறையற்ற இலாபப் பங்கீட்டுக்காகவும் அதற்கு 12 கோடியே 27 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதமளவில், அத்தண்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதலிற் செலுத்திவிட்டு மிகுதியைப் பின்னர் செலுத்த அந்நிறுவனத்துக்குத் தவணை வழங்கப்பட்டது.